விசேஷங்களில் பின்னணியாகப் பியானோ வாசிப்பவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். கோவையில் இருக்கிறேன். எட்டு வருடம் பியானோ கற்றிருக்கிறேன். இப்போது கல்யாண ரிசப்ஷன்களில் வந்தவர்கள் பேசிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கும்போது மெதுவாக வாசிக்கக் கூப்பிடுகிறார்கள்.

போன வாரம் ஒரு மண்டபத்தில் என்னை ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார வைத்துவிட்டார்கள். வழவழப்பான தரையில் சஸ்டெயின் பெடல் (ஒலியை நீட்டிக்கக் காலால் அழுத்துவது) நழுவிக்கொண்டே போனது. ஈரத் துண்டை மடித்து அடியில் வைத்துச் சமாளித்தேன். அப்புறம் கருப்புக் கட்டைகளிலேயே மோகன ராகம் வாசித்தபோது, பாயசக் கிண்ணத்தோடு போன ஒரு பாட்டி நின்று, "இன்னொரு வாட்டி வாசிப்பா" என்றார். அதற்காகவே இதை விடாமல் செய்ய ஆசை.

முதல் சந்தேகம், கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து, வளைத்து இசைப்பது. பியானோ ஒலியில் ஸ்வரத்தை வளைக்க முடியாது. கீபோர்டில் ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலைத் தொட்டால் பியானோத் தன்மையே போய்விடுகிறது. ஆபேரி, கரகரப்ரியா ராகங்களின் சாயல் உள்ள சினிமாப் பாடல்களை எப்படி வாசிக்கிறீர்கள்? இரண்டரை மணி நேரத்துக்கு எத்தனை பாடல் தயாராக வைத்திருப்பீர்கள்?

அடுத்தது பாடல்களை வாசிக்க உரிமம். கல்யாண நிகழ்ச்சிகளுக்குக் காப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் ஒரு ரெஸ்டாரண்டில் சனிக்கிழமைதோறும் வாசிக்கக் கேட்கிறார்கள். அங்கே ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமம் தரும் அமைப்பு) உரிமத்தை அவர்கள்தானே எடுக்க வேண்டும்? முன்பணம் எவ்வளவு கேட்பது நியாயம்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது.