பாண்டி பஜாரில் கார் நிறுத்த மணிக்கு 60 ரூபாய் சரியா?

வேளச்சேரிக்காரன்:
அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க, போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தி.நகர் போனோம். பாண்டி பஜாரில் சாலையோரம் கார் நிறுத்த மணிக்கு 60 ரூபாய். முகூர்த்தப் புடவை எடுப்பது என்ன பத்து நிமிட வேலையா? நான்கு மணி நேரம் ஆனது, 240 ரூபாய் போனது. அந்த இடம் கிடைப்பதற்குள் பனகல் பூங்காவை நான்கு முறை சுற்றினோம். பின்சீட்டில் அம்மா மூட்டு வலியோடு. கார் வாங்கும்போதே 13 சதவீதம் ஆயுள் வரி கட்டியிருக்கிறேன். சாலை நம் பணத்தில் போட்டதுதானே? அதில் வண்டியை நிறுத்த மறுபடியும் எதற்குக் காசு? நடுத்தரக் குடும்பத்துக்காரன் கடைவீதிக்கே வரக்கூடாதா?

நடராஜா சர்வீஸ்:
உங்களைச் சுற்ற வைத்தது கட்டணம் இல்லை சார், இடம் இல்லாததுதான். ஆயுள் வரி மாநில அரசுக்குப் போகிறது, அதுவும் வண்டி ஓட்டுவதற்காக. ஒரு காரை நிறுத்த இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். கிட்டத்தட்ட 135 சதுர அடி. அதே சாலையில் அவ்வளவு இடத்துக்குக் கடை வாடகை என்னவென்று விசாரித்துப் பாருங்கள், 60 ரூபாய் பெரிதாகத் தெரியாது.

2019 நவம்பரில் அங்கே அகலமான நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்பு, தீபாவளி நேரத்தில் என் பாட்டியை அந்தச் சாலையில் கூட்டிப் போயிருக்கிறேன். நடைபாதையை வண்டிகள் அடைத்திருந்ததால் சாலையில் இறங்கித்தான் நடந்தோம். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் பாட்டி என் சட்டையைப் பிடித்துக்கொள்வார். இன்றைக்கு அதே சாலையில் வயதானவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிப் போகிறார்கள். கார் வைத்திருப்பவர்களைவிட அங்கே நடந்து போகிறவர்கள்தான் பல மடங்கு அதிகம்.

தணிகாசலம் சாலையில் அடுக்கு வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள். 222 கார், 513 இருசக்கர வாகனம் நிற்கலாம். காருக்கு மணிக்கு 20 ரூபாய்தான். சில நிமிடம் நடந்தால் பாண்டி பஜார். நான்கு மணி நேரம் தங்குகிறவர் அங்கே போகட்டும் என்றுதான் சாலையோரத்தில் மூன்று மடங்கு வைத்திருக்கிறார்கள்.

வேளச்சேரிக்காரன்:
சில நிமிட நடை உங்களுக்கு. அம்மாவுக்கு அது கால் மணி நேரம்.

நடராஜா சர்வீஸ்:
கடை வாசலில் அம்மாவை இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் போய் நிறுத்தலாமே. இல்லையென்றால் ரயிலில் வாருங்கள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைமேம்பாலமே இருக்கிறது, 2023 மே மாதம் திறந்தார்கள்.

வேளச்சேரிக்காரன்:
வேளச்சேரி பறக்கும் ரயில் மாம்பலம் போவதில்லை. நடுவில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். நான்கு புடவைப் பை, மூட்டு வலி, இரண்டு குழந்தைகள். வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

உஸ்மான் ரோடு ஜவுளி:
நான் கடை வைத்திருக்கிறவன். மணிக்கு 60 என்பது எங்கள் வியாபாரத்தை அடிக்கிறது. மாலுக்குப் போனால் அடித்தளத்தில் நிறுத்திவிட்டு ஏசியில் சுற்றலாம் என்று ஜனங்கள் அந்தப் பக்கம் போகிறார்கள். மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தடுத்ததில் ஏற்கெனவே கூட்டம் குறைந்தது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். காசு வாங்க ஆளில்லாத நாட்களில் காலை ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே முன்வரிசை நிறைந்திருக்கும். வாடிக்கையாளர் ஒருவரும் வந்திருக்க மாட்டார். எல்லாம் கடைக்காரர்கள் வண்டி, ராத்திரி ஒன்பதரை வரை நகராது. என் வண்டியும் அதில் நின்றிருக்கிறது. அதனால் இலவசம் என்றால் வாடிக்கையாளருக்கு லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் அரை மணி நேரம் காசு வேண்டாம், போகப்போக ஏற்றுங்கள். ஜாக்கெட் லைனிங் துணி வாங்க வந்தவரும் நாள் முழுக்க நிறுத்துகிறவரும் ஒன்றா?

நடராஜா சர்வீஸ்:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன் அண்ணாச்சி.

ஜூரோங் தமிழன்:
சிங்கப்பூரில் நகர மையத்திலுள்ள வீடமைப்புக் கழக நிறுத்தங்களில் பகல் நேரத்தில் அரை மணிக்கு 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 20 காசு, மற்ற வட்டாரங்களில் அதில் பாதி. 2017 முதல் கைப்பேசிச் செயலியிலேயே கட்டலாம். சீக்கிரம் கிளம்பினால் மீதிப் பணம் திரும்ப வந்துவிடும். யார் கையிலும் காசு கொடுப்பதில்லை என்பதால் தகராறும் இல்லை.

வேளச்சேரிக்காரன்:
அதைத்தான் சொல்ல வந்தேன். இதற்கு முந்தைய தடவை ஒரு குறுக்குத் தெருவில் நிறுத்தினேன். தோளில் பை மாட்டிய ஓர் ஆள் வந்து நூறு ரூபாய் கேட்டார். ரசீது கேட்டேன். "ரசீது வேணும்னா வேற இடம் பாருங்க" என்றார். கொடுக்காமல் போனால் வண்டியில் கோடு விழுமோ என்ற பயத்தில் கொடுத்தேன். அந்த நூறு ரூபாய் எந்த நடைபாதைக்குப் போனது?

குறுக்குத்தெரு அக்கா:
தம்பி, அந்த மாதிரிக் குறுக்குத் தெருவில்தான் நாங்கள் குடியிருக்கிறோம், தி.நகரிலேயே. மெயின் ரோட்டில் மணிக்கு 60 என்றதும் வண்டியெல்லாம் எங்கள் வாசலுக்கு வருகிறது. காலி பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி, நடுவில் கம்பி நட்டு கேட்டுக்கு முன்னால் வைத்திருக்கிறோம். அதையும் நகர்த்திவிட்டு நிறுத்துகிறார்கள். ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒரு சாயங்காலம் மாமனாருக்கு மூச்சுத் திணறல். தெருவின் இரண்டு பக்கமும் கார், ஆம்புலன்ஸ் உள்ளே நுழைய முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினோம். பிழைத்துவிட்டார். ஆனால் இப்போதும் ஆடி பிறந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. 60 ரூபாய் வாங்குங்கள், 100 கூட வாங்குங்கள், எங்கள் தெருவை விட்டுவிட்டு மெயின் ரோட்டில் மட்டும் வாங்கிப் பயனில்லை.

நடராஜா சர்வீஸ்:
அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. கட்டணம் வாங்கும் சாலையைச் சுற்றியுள்ள தெருக்களையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பதை நான் யோசிக்காமல் பேசிவிட்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இரவில் உங்கள் தெருவில் நிற்கும் கார்களில் தெருக்காரர்களுடையது எத்தனை? ஜப்பானில் 1962-லேயே சட்டம் போட்டார்கள், நிறுத்த இடம் இருப்பதாகச் சான்று காட்டினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். இங்கே இடமே இல்லாமல் இரண்டு கார் வாங்குகிறோம்.

குறுக்குத்தெரு அக்கா:
பாதி எங்கள் தெருக்காரர்களுடையதுதான். மறுக்கவில்லை.

வேளச்சேரிக்காரன்:
அக்கா, அன்றைக்கு நான் நிறுத்தியதும் ஒரு வீட்டு கேட்டை ஒட்டித்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்று தைத்த ஜாக்கெட்டை வாங்க மறுபடி போனோம். அம்மாவைக் கடை வாசலில் இறக்கிவிட்டு அடுக்கு நிறுத்தத்தில் விட்டேன். மூன்று மணி நேரம், 60 ரூபாய். சரி, அது பரவாயில்லை. ஆனால் கிளம்பும்போது காரை எடுத்துக்கொண்டு நான் வரும் வரை அம்மா கடைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நடக்க முடியாதவர்களுக்கு என்று சாலையோரத்தில் இரண்டு இடமாவது ஒதுக்கி, அதில் இந்த 60 ரூபாயை வாங்காமல் விடுங்கள் என்றுதான் இப்போதும் கேட்கிறேன். அப்புறம் அந்த ரசீது விஷயத்துக்கு இங்கே இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.