தனியா பறக்குது, பெட்டி மாட்டினா நிக்குது: பழைய பொம்மை ரயில் இன்ஜின்கள், உங்கள் அனுபவங்கள்

நடுத்தண்டவாளம்:
இன்னும் மண்டையைக் குடையும் வண்டி இது. ஹார்ன்பி டப்ளோ என்ற பழைய பிரிட்டிஷ் பொம்மை ரயில் வரிசையில் வந்த, நடுத்தண்டவாளத்தில் கரன்ட் எடுக்கும் மூன்று தண்டவாள இன்ஜின்; பெயர் டச்சஸ் ஆஃப் அத்தோல். 12 வோல்ட்டில் தனியாக விட்டால் வளைவில் கவிழ்கிற வேகம். இரண்டு தகரப் பெட்டியை மாட்டினால் முனகி நிற்கிறது. மீட்டரில் 1 ஆம்பியருக்கு மேல்; நல்ல டப்ளோ அரை ஆம்பியரை ஒட்டி ஓட வேண்டும். மோட்டாருக்குள் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் புதிது, அது உரசும் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டர் பளிச்சென்று இருக்கிறது.

கோளாறு காந்தத்தில். முன்பு யாரோ சுத்தம் செய்ய ஆர்மேச்சரை (மோட்டாரில் சுழலும் பகுதி) உருவிவிட்டு, காந்தத்தின் இரு முனைகளையும் இரும்புத் துண்டால் இணைக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய காந்தங்கள் அப்படி வைத்தால் பலம் இழக்கும். காந்தப்புலம் குறைந்தால், சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தமும் குறையும். அதனால்தான் வேகம் கூடுகிறது, கரன்ட் ஏறுகிறது, இழுவை போய்விடுகிறது. "நல்லா ஓடுதே" என்று நம்பவைப்பதே அந்த வேகம்தான். மறுபடி காந்தமேற்றி அதே 12 வோல்ட்டில் வைத்தபோது வண்டி முன்னைவிட மெதுவாகப் போனது. மூன்று பெட்டியோடு!

கார்பன்பிரஷ்:
எல்லாப் பழியையும் காந்தத்தின் மேல் போடாதீங்க. சூடும் திணறலும் வர முக்கால்வாசி காரணம் இறுகிப்போன எண்ணெய். இங்கே ஒரு என்2 டேங்க் இன்ஜின் (டப்ளோவோட இன்னொரு மாடல்), யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்காங்க. கியருக்குள் பழுப்பு மெழுகா உறைஞ்சு, சக்கரத்தை விரலால் உருட்டவே முடியலை. ஒயிட் ஸ்பிரிட்ல ஊறவைச்சு, மரக்குச்சியால சுரண்டினதும் சரியாச்சு. காந்தத்தைத் தொடவே இல்லை.

முதல்ல பார்க்க வேண்டியது கம்யூட்டேட்டரோட மூணு துண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம். பிரஷ் தூள் அங்கேதான் அடையும். அடைஞ்சா துண்டுக்குத் துண்டு கரன்ட் தாவும். பல்குச்சியால எடுங்க, ஊசி வேண்டாம். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு. மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வைச்சு, ரெண்டு ரெண்டு துண்டா மூணு ஜோடியையும் அளங்க. மூணும் ஒரே அளவு காட்டணும். ஒண்ணு மட்டும் மாறினா சுற்று அறுந்திருக்கும், இல்லை சால்டர் விட்டிருக்கும். இதுக்காக ஆர்மேச்சரைக் கழட்டத் தேவையில்லை. கடைசியா தையல் மிஷின் எண்ணெய், பேரிங்குக்கு ஊசி முனையில் ஒரு சொட்டு. கம்யூட்டேட்டர்ல படவே கூடாது.

ஆல்கஹால் பெயின்ட்டையும் எழுத்தையும் அரிச்சிடும். பாடிக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணி மட்டும்.

லயனல்பிரியை:
என் மனசுல நிக்கிறது வேற கொடுமை. டப்ளோவை, லயனல்ங்கிற அமெரிக்கப் பொம்மை ரயிலோட டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டினார் ஒருத்தர். ரெண்டுக்கும் மூணு தண்டவாளம், அதனால ஒண்ணுன்னு நினைச்சுட்டார். லயனல் ஏசி, டப்ளோ டிசி. இன்ஜின் நின்ன இடத்திலேயே உறுமி, வார்னிஷ் கருகுற வாசனை வந்திடுச்சு. ஏசி கொடுத்தா நிரந்தரக் காந்தத்தின் பலமும் போகும். பழைய லயனல் மோட்டாரில் பொதுவா நிரந்தரக் காந்தம் கிடையாது, மின்காந்தமா வேலை செய்யுற கம்பிச்சுருள் (ஃபீல்டு காயில்) தான். பின்னோக்கிப் போக உள்ளே தனி ரிலே (திசை மாத்துற சுவிட்ச்) இருக்கு.

லயனல் வைச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு: அந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் அமெரிக்காவோட 60 ஹெர்ட்ஸுக்குச் செஞ்சவை. நம்ம 230 வோல்ட்டை 110க்கு இறக்கினாலும் 50 ஹெர்ட்ஸ்ல கோர் கூடுதலா சூடாகும். 100 வோல்ட்டுக்கு இறக்குற ஸ்டெப் டவுன் கிடைச்சா அதுவே மேல். சுருள் சுற்றின கனமான டிரான்ஸ்ஃபார்மராப் பார்த்து வாங்குங்க. பயணத்துக்கு விக்கிற லேசான எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் ஆகாது.

சாவிவண்டி:
கரன்ட் வண்டிக்காரர்கள் மட்டும்தான் இங்கேயா? ஹார்ன்பி ஓ கேஜ் (டப்ளோவைவிடப் பெரிய அளவு), சாவி கொடுக்கும் இன்ஜின். "சாவி அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள், இறுகிவிட்டது" என்பதே எப்போதும் வரும் புகார். முழுக்கச் சாவி கொடுத்ததால் மட்டும் எந்த வண்டியும் நிற்காது. நடு அச்சில் பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கும், அல்லது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் நூல் சிக்கியிருக்கும். ஸ்பிரிங் இறுகிய நிலையில் பக்கத் தகட்டைத் திறந்தால் விரல் கிழியும். சாவியைப் பிடித்துக்கொண்டே ஸ்பிரிங் அவிழாமல் பிடிக்கும் கொக்கியை (ராட்செட்) தூக்கி, பல் பல்லாக இறக்கிய பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும்.

தகரப்பெட்டி:
கார்பன்பிரஷ் சார் சொல்வது சரி, ஆனால் முழுசும் இல்லை. சுத்தம் செய்த பிறகும் வேகமும் கரன்ட்டும் சேர்ந்தே ஏறினால் அது காந்தம்தான். எண்ணெய் இறுகிய வண்டியில் கரன்ட் ஏறும், வேகம் குறையும். இந்த வித்தியாசத்தை வைத்தே பிரித்துவிடலாம்.

கேட்காமலே இன்னொன்று. தண்டவாளத்தில் வண்டியே இல்லாமல் கண்ட்ரோலர் (கரன்ட் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) கட் ஆனால், கரன்ட் கொடுக்கும் டெர்மினல் ரயிலைப் பாருங்கள். டிவி குறுக்கீட்டைத் தடுக்க அதில் ஒரு கண்டென்சர் உண்டு. வயதானால் ஷார்ட் ஆகும். வெட்டி எடுத்தாலும் வண்டி ஓடும். அது நன்றாக இருந்தால் மற்றத் துண்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நடுத்தண்டவாளத்துக்கும் தகர அடித்தட்டுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். பீப் அடித்தால் அந்தத் துண்டின் இன்சுலேஷன் போய்விட்டது. துருவுக்கு உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு சேர்ந்து மறுபடி பொறி பறக்கும். கெட்டி ரப்பர் போதும். பழைய கண்ட்ரோலரை அலமாரியில் வைத்துவிட்டு, 12 வோல்ட் டிசி, குறைந்தது 1 ஆம்பியர் தரும் புதியதை வாங்குங்கள். பழையதில் செலினியம் ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்கும் பாகம்) இருக்கும். எரிந்தால் வரும் புகை விஷம். அழுகல் நாற்றம் வந்தால் பிளக்கைப் பிடுங்கி ஜன்னலைத் திறக்க வேண்டும். துணி சுற்றிய வயர் வளைத்தால் உதிர்கிறதா, மாற்றாமல் மெயின்ஸில் சொருகாதீர்கள்.

1938 முதல் போர் வரை வந்த டப்ளோ வாங்குகிறவர்கள் மஸாக் பாகங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மஸாக் என்ற இந்தத் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே வெடித்து வீங்கும். மருந்து கிடையாது. மயிரிழை விரிசல் தெரிந்தால் ஸ்க்ரூவை இறுக்காதீர்கள், பாடி இரண்டாகிவிடும்.

நடுத்தண்டவாளம்:
தகரப்பெட்டி அண்ணா சொன்ன வேகக் கணக்கு மிகச் சரி. காந்தமேற்ற ஆள் கிடைக்காதவர்கள் நியோடிமியம் மாற்றுக் காந்தம் போடுகிறார்கள். பலம் மிஞ்சினால் ஆர்மேச்சர் முனைக்கு முனை ஒட்டிக்கொண்டு, மெதுவாக ஓட்டும்போது வண்டி வெட்டி வெட்டிப் போகும். ஒரே தடவையில் முழுக்க நிரப்பாமல், மெல்லிய துண்டாக ஒன்று போட்டு, மூன்று பெட்டியோடு ஓட்டி, ஆம்பியரைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சேருங்கள்.