விக்டோரியா கௌரி நியமனம்: "தகுதியே இல்லை"ன்னு இன்னும் எத்தனை நாள்?

வைகைக்கரை:
பா.ஜ.க.வுல இருந்த வக்கீல் விக்டோரியா கௌரியைச் சென்னை ஹைகோர்ட் நீதிபதியா போட்டதைப் பத்தி, கட்சிச் சேனல் விவாதத்துல மறுபடியும் அதே பாட்டு, "தகுதியே இல்லாதவரை நீதிபதி ஆக்கிட்டாங்க"ன்னு. அரசியல் சட்டம் 217(2)-ஐ ஒரு தடவையாவது புரட்டினீங்களா? இந்தியக் குடியுரிமை, ஹைகோர்ட் வக்கீலா 10 வருஷம். ரெண்டும் அவருக்கு இருக்கு. 2023 பிப்ரவரி 7-ல சுப்ரீம் கோர்ட்டோட சஞ்சீவ் கன்னா, கவாய் அமர்வு நியமனத்தை எதிர்த்த மனுவைத் தள்ளுபடி பண்ணியாச்சு.

தென்பொதிகை:
வருஷக் கணக்கை யார் கேட்டா? அவர் சிறுபான்மையினருக்கு எதிரா பேசினதா மனுவுல சொன்ன பேட்டிகள், நீதிபதிகளைப் பரிந்துரைக்கிற சுப்ரீம் கோர்ட் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியத்துக்குத் தெரியுமா, தெரியாதா? ஜனவரி 17-ல பரிந்துரை. பரிந்துரைக்குப் பிறகுதான் சில விஷயம் கவனத்துக்கு வந்துச்சுன்னு பிப்ரவரி 6-ல அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் கோர்ட்லயே சொன்னார்.

வைகைக்கரை:
மறுநாளே அமர்வு, கொலீஜியத்துக்குத் தெரியாதுன்னு எடுத்துக்க முடியாதுன்னு சொன்னது உங்க காதுல விழலையா?

தென்பொதிகை:
அப்போ பிப்ரவரி 6-ல சொன்னது என்ன?

சட்டப்புள்ளி:
ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தைப் பேசுறீங்க. 217(2) தகுதி இருக்கான்னு கோர்ட் பார்க்கும். 1992-ல குமார் பத்ம பிரசாத் வழக்குல கௌஹாத்தி ஹைகோர்ட் நியமனம் ரத்தானது அதனாலதான். ஆள் பொருத்தமானவரான்னு பார்க்கிறது கொலீஜியம். 2009 மகேஷ் சந்திர குப்தா தீர்ப்பைப் படிங்க. சேனல்காரங்க ரெண்டையும் போட்டுக் குழப்புறாங்க.

வைகைக்கரை:
அதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்! கட்சிதான் உறுத்துதுன்னா, 1957-ல கேரளாவுல ஈ.எம்.எஸ்.ஸோட கம்யூனிஸ்ட் மந்திரிசபையில இருந்த கிருஷ்ணய்யர் 1968-ல கேரள ஹைகோர்ட் நீதிபதி ஆனாரே, அப்ப எங்க போனீங்க?

தென்பொதிகை:
கட்சி இல்லைங்க, பேச்சு! அதே ஜனவரி 17-ல கொலீஜியம் சென்னை ஹைகோர்ட்டுக்கு ரெண்டாவது தடவை அனுப்பின வக்கீல் ஜான் சத்யன் பேர் என்னாச்சு? பிரதமரை விமர்சிச்ச கட்டுரையைப் பகிர்ந்ததுக்கே மத்திய அரசு முட்டுக்கட்டை. அங்க பகிர்ந்தது குத்தம், இங்க பேசினது குத்தமில்லையா?

வைகைக்கரை:
தலைப்பை மாத்தாதீங்க. ஜான் சத்யனுக்குத் தனி இழை திறங்க, வர்றேன். 2024 செப்டம்பர்ல கௌரி நிரந்தர நீதிபதியும் ஆயிட்டார். இனி நீக்கணும்னா பார்லிமெண்ட் ரெண்டு அவையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். சேனல்ல கத்தி ஆகாது.

தென்பொதிகை:
கொலீஜியத்துக்குப் பதிலா கொண்டுவந்த நீதிபதிகள் நியமன ஆணையத்தை 2015-ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணப்போ கொலீஜியத்தைத் திட்டித் திட்டி எழுதின ஆள்தானே நீங்க? இன்னைக்கு அதே கொலீஜியம் சொன்னா வேதவாக்கா?

வைகைக்கரை:
பழைய பதிவைத் தோண்டுறதுதான் உங்க வாதமா? 217(2)-க்குப் பதில் எங்க?

தென்பொதிகை:
பிப்ரவரி 6-க்கு நீங்க சொல்லுங்க முதல்ல.