முதல் ஜாஸ் ஆல்பம்: யாருக்கு எதைக் கொடுத்தோம், என்ன நடந்தது

ஜாஸ் கேட்க ஆசைப்படுகிறவர் கையில் நூறு ஆல்பங்களின் பட்டியலைத் திணிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் ஏற்கெனவே எதை விரும்பிக் கேட்கிறார் என்று விசாரியுங்கள். அதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரே ஒரு ஆல்பத்தைக் கொடுங்கள், அதில் எந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். நான் இப்படிக் கொடுத்ததில் மறக்க முடியாதது, மிருதங்கம் பழகும் நண்பர் ஒருவருக்கு பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக் குழுவின் 'டைம் அவுட்' கொடுத்தது. 1959இல் வந்த ஆல்பம்.

ஜாஸில் தாளம் கைக்கு அகப்படவில்லை என்பது அவர் குறை. 'டேக் ஃபைவ்' போட்டேன். குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் எழுதியது, ஐந்து எண்ணிக்கை. நமக்குப் பழகிய ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்டம் 'தக தகிட' என்று போகும், இதில் மூன்று முன்னால் வந்து 'தகிட தக' என்று விழுகிறது. சொல்வதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார். நடுவில் ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனி வருகிறது. அவர் எவ்வளவு தூரம் விலகிப் போனாலும் பியானோ அந்த ஐந்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தின்போது பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறவரைப் போல என்றார் நண்பர். அதற்குமேல் நான் விளக்க என்ன இருக்கிறது?

பிறகு அதே ஆல்பத்தின் முதல் ட்ராக், 'ப்ளூ ரோண்டோ அ லா டர்க்'. துருக்கியில் தெருவோரக் கலைஞர்கள் வாசித்துக் கேட்ட ஒன்பது எண்ணிக்கையை வைத்து ப்ரூபெக் எழுதியது. 'தக தக தக தகிட' என்று மூன்று முறை, நான்காம் முறை 'தகிட தகிட தகிட'. அந்த நான்காவது சுற்றில் நண்பர் "ஆகா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். இந்தக் கணக்கெல்லாம் முடிந்ததும் பாட்டு சாதாரண நாலு எண்ணிக்கையில் ப்ளூஸாக இறங்கி இளைப்பாறுகிறது. எனக்கு அந்த இறக்கம்தான் இன்னும் பிடிக்கும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். (வாசகர்கள் எழுதியவை கீழே.)

*

எனக்குக் கிடைத்த முதல் ஆல்பம் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. சொல்லட்டுமே, அதற்குத் தகுதியான ஆல்பம்தான்.

கொடுத்தவர் என் கீபோர்ட் வாத்தியார். 'ஸோ வாட்' முழுக்க டோரியன் ஸ்கேல், அதாவது கரகரப்பிரியா ராகத்தின் ஸ்வரங்கள். இரண்டு கட்டை சுருதியில் 16 பார் (தாளச் சுற்று), இரண்டரைக் கட்டைக்கு ஏறி 8 பார், மறுபடி இறங்கி 8 பார். அவ்வளவுதான் சட்டகம், மிச்சமெல்லாம் மனோதர்மம், வாசிப்பவரின் அந்நேரக் கற்பனை என்றார். ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் அதே இடத்தில் அடுத்தடுத்து சாக்ஸபோன் வாசிக்கிறார்கள். ஒருவர் துருவித் துருவித் தேடுகிறார், இன்னொருவர் சிரித்துக்கொண்டே நடக்கிறார். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்த நாளில்தான் ஜாஸ் எனக்குத் திறந்தது.

ஒரு தகவல். வாத்தியார் வீட்டுப் பழைய எல்பி இசைத்தட்டோடு சேர்ந்து வாசித்தால் சுருதி சேரவே சேராது, கீபோர்டில் கோளாறு என்றே நினைத்தோம். முதல் பக்கத்தின் மூன்று ட்ராக்குகளும் பதிவான டேப் மெஷின் அன்று சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது எல்பியில் அவை கொஞ்சம் வேகமாக, சுருதி கொஞ்சம் ஏறி ஒலித்தன. 1990களின் மறுவெளியீடுகளில்தான் சரிசெய்தார்கள். கூடவே வாசிக்க நினைப்பவர்கள் புதிய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

*

என் அக்கா விருத்தம் பாடுவார், அதாவது தாளமில்லாமல் ராகத்தில் பாடும் பக்திச் செய்யுள். வாத்திய இசை மட்டும் என்றால் சீக்கிரம் எழுந்து போய்விடுவார். அவருக்கு ஜான் கோல்ட்ரேனின் 'அ லவ் சுப்ரீம்' கொடுத்தேன். பலர் இதைக் கடினமான ஆல்பம் என்பார்கள். பக்திப் பாடலில் ஊறிய காதுக்கு இது கடினமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

1964 டிசம்பர் 9 அன்று நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானது. நான்கு பகுதிகள். ஆல்பத்தின் அட்டையில் கோல்ட்ரேன் கடவுளை நோக்கி எழுதிய நீண்ட கவிதை அச்சாகியிருக்கிறது. துதிப்பாடல் என்று பொருள்படும் கடைசிப் பகுதியான 'சாம்'இல் அவர் அந்தக் கவிதையைத்தான் சாக்ஸபோனில் சொல்கிறார், சொல்லுக்குச் சொல். தாளக்கட்டு இல்லை, ஒவ்வொரு வரியும் மூச்சின் அளவுக்கு நீண்டு முடிகிறது. கவிதையை அக்கா கையில் கொடுத்துவிட்டு அந்தப் பகுதியைப் போட்டேன். விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே கேட்டார். 'நன்றி கடவுளே' என்று வரும் இடங்களில் வாத்தியம் ஒரே ஸ்வரத்துக்குத் திரும்பித் திரும்பி வருவதை அவர்தான் எனக்குக் காட்டினார். "விருத்தம்தானேடா இது" என்றார்.

அடுத்து அவருக்குக் கொடுத்தது ஜானின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971. கோவை அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தாவின் பெயரைத் தாங்கியது. தம்பூராவின் மேல் பேஸ் என்ற கனத்த ஒலியுள்ள தந்தி வாத்தியம், அதன்மேல் ஆலிஸின் ஹார்ப், ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். தம்பூரா ஒலிக்கப் பழகிய காதுகளுக்கு முதல் ட்ராக்கே போதும்.

*

பியானோ பிரியர்களுக்கு நான் கொடுப்பது பில் எவன்ஸ் மூவர் குழுவின் 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்'. ஆனால் பேஸைக் கேளுங்கள் என்று சொல்லித்தான் கொடுப்பேன். ஸ்காட் லஃபாரோவின் பேஸ் பின்னணியில் நிற்காது, பியானோவோடு சரிக்குச் சரி பேசும். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க் கிளப்பில் பதிவானது, கண்ணாடிக் குவளைகளின் சத்தம்கூடக் கேட்கும். ஜூலை 6இல் கார் விபத்தில் லஃபாரோ இறந்துபோனார், வயது 25. ஆல்பம் அவர் எழுதிய மெட்டில் தொடங்கி அவர் எழுதிய மெட்டிலேயே முடிகிறது. இதைத் தெரிந்துகொண்டபின் என் தோழி அந்த ஆல்பத்தை முதலிலிருந்து மறுபடி கேட்டாள்.

எனக்கும் ஓர் உதவி வேண்டும். பாட்டில் வரிகள் இருந்தால்தான் என் தம்பிக்கு மனம் ஒட்டும். எல்லா ஃபிட்ஜெரால்டும் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய 'எல்லா அண்ட் லூயிஸ்', 1956, கொடுக்கலாம் என்றிருக்கிறேன். முதல்முறை கேட்பவருக்கு அதைவிடப் பொருத்தமான குரல் ஆல்பம் எது என்று சொல்லுங்கள், எந்தப் பாட்டில் தொடங்குவது என்பதையும் சேர்த்து.