புதுப்பிப்பு: அப்பச்சியுடன் பணியாற்றியவர்கள் கிடைத்தார்கள்

ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் அப்பச்சி (அப்பா) மாரடைப்பில் திடீரெனப் போனதை எழுதி, அவரோடு பணியாற்றியவர்களைத் தேடியிருந்தேன். குடும்ப ஓய்வூதியம் பற்றியும் கேட்டிருந்தேன். அது சுலபமாக முடிந்தது. ஓய்வூதிய ஆணையிலேயே ஆத்தா (அம்மா) பெயர் இருந்ததால், இறப்புச் சான்றிதழோடு வங்கியில் விண்ணப்பித்ததே போதுமாக இருந்தது.

அப்புறம், நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில் அப்பச்சியிடம் பயிற்சி பெற்ற ஒருவர் காரைக்குடிக்கே வந்துவிட்டார். வீட்டு உள்முற்றமான வளவில் உட்கார்ந்து ஆத்தாவிடம் நெடுநேரம் பேசினார். "வீர மதராசி, அடி கொல்லு!" என்ற ரெஜிமென்ட்டின் போர் முழக்கத்தால் பயிற்சித் திடலை அதிரவைக்கும் அப்பச்சியின் குரல், எனக்குத் தேர்வு நடக்கும் நாட்களில் அடங்கிவிடுமாம். வீட்டிலிருந்து தகவல் வரும்வரை சாப்பிடவே மாட்டாராம். அப்பச்சி எங்களிடம் இதைக் காட்டிக்கொண்டதே இல்லை.

படங்கள் அனுப்பிய எல்லாருக்கும் நன்றி. இன்னும் இருந்தால் அனுப்புங்கள், பேரப்பிள்ளைகளுக்காகச் சேர்த்துவைக்கிறேன்.