மறு: ‘பீசோ விண்ட் ஹார்வெஸ்டர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

> ‘காற்றதிர்வு ஆற்றல் அறுவடைக் கருவி’ பொருந்துமா?

காற்றில் ஆடும் பட்டை வளைவதிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிறு கருவிக்குத்தானே பெயர் தேடுகிறோம்? நீங்கள் சொன்ன பெயரில் பொருள் புரிகிறது. ஆனால் ‘அதிர்வு’, ‘அறுவடை’ இரண்டும் எனக்கு இடிக்கின்றன.

அரசிலையைப் பாருங்கள். மற்ற மரங்கள் அசையாதபோதும் அது படபடக்கும். நீண்டு மெலிந்த காம்பு அப்படி. 2011-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விவரித்த செயற்கை இலையும் இதே பாங்குதான். காம்புக்குப் பதில் பி.வி.டி.எஃப். (வளைத்தால் மின்னூட்டம் தரும் ஒரு நெகிழி) பட்டை, அதன் நுனியில் கீல் வைத்து மாட்டிய முக்கோணத் தகடு. தகடு அலைய அலையக் காம்பு இருபுறமும் வளைந்து மாறுமின்னோட்டம் தருகிறது.

மீட்டிய தந்தி அதிரும், பிறகு அடங்கும். வீசும் காற்றில் இந்த இலை அடங்காது. அது அசைவதால் அதன்மேல் படும் காற்றின் விசை மாறுகிறது. மாறிய விசை அசைவை மீண்டும் தூண்டுகிறது. விமானப் பொறியாளர்கள் அஞ்சும் ‘ஃப்ளட்டர்’ இதுதான். கொடி படபடக்கிறது என்றுதானே சொல்கிறோம்? ‘படபடப்பு’ என்றே வைப்போம். நெஞ்சுப் படபடப்போடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

‘அறுவடை’ என்றால் விதைத்து, விளைந்ததும் ஒருசேர அறுப்பது. இங்கே கிடைப்பதோ மைக்ரோவாட், மிஞ்சினால் மில்லிவாட். சிறுகச் சிறுக எடுத்து மின்தேக்கியில் சேர்க்கிறோம். பூவையும் தளிரையும் அப்படி எடுப்பதற்குக் ‘கொய்தல்’ என்ற அழகான சொல் இருக்கிறதே! முதலில் ‘கொய்வி’ என்று எழுதிப் பார்த்தேன். அது பிறவினையாக, வேறொருவரைக் கொய்யவைப்பதாக ஒலிக்கிறது. ‘கொய்கருவி’ வினைத்தொகை, சிக்கலில்லை.

‘பீசோ’வுக்கு, அதாவது பொருளை அழுத்தினாலோ இழுத்தாலோ மின்னூட்டம் தோன்றும் விளைவுக்கு, வழங்கும் ‘அழுத்தமின்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். பட்டையைத் தனியாக வளைத்தால் ஒரு முகம் இழுபடும், மறுமுகம் அமுங்கும். இரண்டின் மின்னூட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் மின் விளைவில்லாத வேறொரு தாளோடு ஒட்டுகிறார்கள். அப்போது ஒரு வீச்சில் பட்டை முழுதும் இழுபடும், அடுத்ததில் முழுதும் அமுங்கும். ஆக, பாதி நேரம் அழுத்தமே இல்லை. இருந்தாலும் அந்தச் சொல்லை மாற்ற வேண்டாம். 1880-இல் கியூரி சகோதரர்கள் படிகங்களில் கண்ட விளைவுக்கு அமைந்த பெயரிலும் ‘அழுத்து’ என்னும் கிரேக்க வினையே இருக்கிறது. தமிழிலும் அது வேரூன்றிவிட்டது.

என் முன்மொழிவு: ‘படபடப்பு மின்கொய்கருவி’. காந்தமும் கம்பிச்சுருளும் வைத்தும் படபடப்பிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். பிரித்துக்காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ‘அழுத்தமின்’ முன்னே வரட்டும்.

உருளையின் பின்னால் மாறிமாறிக் கழலும் சுழல்களால் ஆடும் பட்டைகள் வேறு வகை. அவற்றுக்குப் ‘படபடப்பு’ ஒவ்வாது. ‘சுழலுதிர்வு மின்கொய்கருவி’ சரிவருமா?