‘விண்நடை’ போதுமா? ஒரு மறுமொழி

எல்லோருக்கும் வணக்கம்.

விண்வெளி வீரர் கலத்துக்கு வெளியே போய் வேலை செய்வதற்கு (spacewalk) ‘விண்நடை’ பழகிய சொல், அதையே வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணை எழுதியிருந்தார். பத்திரிகைக்கு அது போதும், நானும் அப்படியே எழுதுவேன். நாம் தொகுக்கும் விண்வெளிக் கலைச்சொற்தொகுதிக்குத்தான் அது போதாது.

2024 செப்டெம்பர் 12 இல், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் விண்கலத்தில் ஒரு தனியார் குழு போன போலாரிஸ் டோன் (Polaris Dawn) பயணத்தில் நடந்ததைப் பாருங்கள். ஜாரெட் ஐசக்மனும் சாரா கில்லிஸும் ஒருவர் பின் ஒருவராக டிராகனின் மேல்வாயிலால் எழுந்து, அங்கே பொருத்தியிருந்த சட்டத்தைப் பிடித்தபடி புதிய விண்வெளி அங்கிக்குள் கையும் தோளும் எப்படி அசைகின்றன என்று சோதித்தார்கள். ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். இருவருமே கலத்தை முழுதாக விட்டுப் பிரியவில்லை. 1965 இல் சோவியத் வீரர் அலெக்சி லியோனவ் கலத்தை விட்டு முழுதாக வெளியே வந்து வடத்தின் நுனியில் மிதந்தார். இரண்டிலும் நடை இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல, அந்த வேறுபாட்டைச் சொல்ல நம்மிடம் சொல் வேண்டும்.

முதலில் நான் ‘கலப்புறச் செயற்பாடு’ (extravehicular activity) என்றுதான் நினைத்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் என் உயர்தர வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதியதும் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, “சேர், இது உயிரியலா?” என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. தமிழ்நாட்டில் ‘செல்’ (cell) எனப்படுவதை இலங்கையில் நாம் ‘கலம்’ என்றுதான் படிப்பிக்கிறோம். கலத்துக்குப் புறம்பானது என்றால் இங்குள்ள பிள்ளைக்குத் திசுவும் பாய்மமும்தான் நினைவுக்கு வரும். அதோடு வேகமாக வாசித்தால் ‘கலப்பு’ என்று கண் தடுக்கும்.

ஆகவே என் முன்மொழிவு: முதல் தடவை ‘விண்கலப் புறப்பணி’, பிறகு சுருக்கமாக ‘புறப்பணி’. வாயிலில் நின்று செய்வது ‘வாயிற் புறப்பணி’. இந்தப் பெயர் தனியே வேண்டும், ஏனென்றால் பயிற்சியும் ஆபத்தும் வேறு.

அப்புறம், ‘வர்த்தகக் குழு’ (commercial crew) என்ற சொல் பற்றி. அந்தப் பெயரிலுள்ள நாசாவின் திட்டத்தில் போவோர் அரச விண்வெளி வீரர்கள், கலம் மட்டுமே தனியாருடையது. ஐசக்மனின் குழுவில் அரசு அனுப்பியவர் எவருமில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாசகர் குழம்புவார். பின்னதைத் ‘தனியார் விண்குழு’ என்போம். ‘சுற்றுலாப் பயணிகள்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். கில்லிஸ் ஸ்பேஸ்எக்ஸின் பொறியியலாளர், விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

———

தம்பி, ‘புறப்பணி’ எனக்குப் பிடித்துவிட்டது. ‘விண்நடை’யை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு சிக்கல். டிராகனில் காற்றடைப்பு அறை (வெளியே போவோருக்காக மட்டும் காற்றை வெளியேற்றும் தனி அறை) இல்லை. வாயிலைத் திறக்கக் கலம் முழுவதின் காற்றையும் வெளியேற்றினார்கள். ஆசனத்திலேயே இருந்த மற்ற இருவரான ஸ்கொட் பொட்டீட்டும் அன்னா மேனனும்கூட அங்கியை நம்பித்தான் மூச்சுவிட்டார்கள். அவர்கள் செய்தது புறப்பணியா?

———

இல்லை அண்ணை. அவர்கள் புறத்தே வரவில்லை. ஆனால் நால்வரும் வெற்றிடத்தில் இருந்தார்கள் என்பதை விடவும் கூடாது. அதற்கு ‘வெற்றிட இருப்பு’ என்று தனிப் பதிவு போடுவோம். ‘வெற்றிடம்’ என்றதும் வேலைவாய்ப்பு விளம்பரம் நினைவுக்கு வரலாம்தான், ஆனால் பௌதிகவியலில் நாம் புழங்கும் சொல்லும் அதுவே. பதிவு இப்படி:

புறப்பணி: அழுத்த அங்கி அணிந்தவர் விண்கலத்தின் வாயிலுக்கு வெளியே, முழுதாகவோ பகுதியாகவோ, செய்யும் வேலை.

‘பகுதியாகவோ’ என்ற சொல்லை யாரும் வெட்டிவிட வேண்டாம்.